நோயின் நடுவே சில நல்ல பொழுதுகள்

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



புறநானூற்றின் 194ஆம் பாடல் பக்குடுக்கை நன்கணியார் என்ற புலவர் பாடியது. மிகச் சிறிய பாடல். ஒரே ஊரில் ஒரு வீட்டில் சாவுப் பறை ஒலிக்கிறது. இன்னொரு வீட்டில் மண முழவு முழங்குகிறது. ஒரு வீட்டுப் பெண்கள் பூச்சூடி நிற்கிறார்கள். மற்ற வீட்டுப் பெண்கள் கண்ணீர் வடித்து நிற்கிறார்கள். இப்படியொரு உலகத்தைப் படைத்தவன் பண்பில்லாதவன் என்று படைத்தவன் மீதே சினங்கொள்கிறார் புலவர். சினந்தவர் அத்தோடு நிற்கவில்லை. உலகம் துன்பம் நிறைந்ததுதான். அதன் இயல்பை அறிந்தவர்கள் அதற்குள்ளேயே இனியவற்றைத் தேடிக் காண்பார்களாக என்று முடிக்கிறார்.

இந்தப் பாடலை வகுப்பிலும் மேடையிலும் பலமுறை கேட்டிருப்போம். ஆனால் ஒன்றைக் கவனிக்கத் தவறிவிடுகிறோம். சாவு வீட்டாரைப் பார்த்து, "நீங்களும் சிரியுங்கள்" என்று புலவர் சொல்லவில்லை. அந்தப் பறையின் ஓசை கேட்கவில்லை என்று பாசாங்கு செய்யவும் சொல்லவில்லை. இரண்டு ஓசைகளையும் கேட்டுக்கொண்டே இனியதைக் காணச் சொல்கிறார். புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுகிறவர்களின் வாழ்க்கையைப் பற்றிச் சிந்திக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பாடல்தான் நினைவுக்கு வருகிறது. இன்றைய உரையில் அதைப் பற்றியே உங்களோடு சற்றுப் பேச விரும்புகிறேன்.

நேயர்களே, நான் கொஸ்லந்தப் பகுதியைச் சேர்ந்தவன். வெளியூர் அன்பர்களுக்குக் கொஸ்லந்த என்றால் 220 மீற்றர் உயரத்திலிருந்து விழும் தியலும நீர்வீழ்ச்சி ஞாபகம் வரும். 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதிக்குப் பிறகு, மண்சரிவு மூடிய மீரியபெத்தை லயங்கள் ஞாபகம் வரும். எங்கள் தோட்டத்துச் சனங்களுக்கு இன்னொன்றும் ஞாபகம் வரும். கொழும்பிலிருந்து மட்டக்களப்பு வரை போகும் ஏ-4 நெடுஞ்சாலை எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. அதே சாலையில் மேற்கே பயணப்பட்டால் பெரகலை, ஹல்துமுல்லை, பலாங்கொடை, பெல்மதுளை, இரத்தினபுரி, அவிசாவளை என்று கடந்து மஹரகமவை அடையலாம். அங்கேதான் நாட்டின் பெரிய புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது. அபேக்ஷா வைத்தியசாலை என்பது இப்போதைய பெயர். அபேக்ஷா என்ற சொல்லுக்கு எதிர்பார்ப்பு என்று பொருள். பதுளைப் பெரியாஸ்பத்திரியிலும் புற்றுநோய்ப் பிரிவு உண்டு. ஆயினும், "மஹரகமைக்குத் துண்டு குடுத்துட்டாங்க" என்று லயத்தில் ஒருவர் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்பது குழந்தைக்கும் தெரியும். நோயின் பெயரை யாரும் உச்சரிப்பதில்லை. ஊரின் பெயரே நோயின் பெயராகிவிட்டது.

இந்த நோயின் சிகிச்சை நேர்கோட்டில் போவதில்லை. மருந்து ஏற்றுவது என்று சொல்லப்படும் சிகிச்சை பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒரு தடவை நடைபெறுவது. அந்த மருந்து புற்றுநோய்க் கலங்களை அழிக்கும்போதே எலும்பு மச்சையில் உண்டாகும் இரத்த அணுக்களையும் குறைத்துவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு தடவையும் இரத்தம் சோதிப்பார்கள். வெள்ளணு குறைந்திருந்தால் அன்றைக்கு மருந்து இல்லை. "அடுத்த கிழமை வாங்க" என்பார்கள். வைத்தியர் சொல்வது சரிதான். ஆனால் விடியற்காலை பஸ் பிடித்து வந்தவருக்கு, கூட வந்தவரின் ஒரு நாள் 'பேர்' போனவருக்கு, அது பெரிய பின்னடைவு. மலைக்குப் போகாத நாளுக்குப் பேர் இல்லை. பேர் இல்லாத நாளுக்குச் சம்பளமில்லை. எங்கள் சனங்கள் 'கரண்ட் பிடிக்கிறது' என்று சொல்லும் கதிர்வீச்சுச் சிகிச்சையோ வாரத்துக்கு ஐந்து நாளாக ஆறு, ஏழு வாரங்கள் தொடர்வது. வாயிலே புண், தொண்டையிலே எரிச்சல், நாவிலே ருசியின்மை. ஓரடி முன்னே போனால் அரையடி பின்னே வரும் பயணம் இது.

இந்தப் பயணத்திலே நல்ல பொழுதுகளுக்கு இடமுண்டா? உண்டு என்று ஒரு புத்தகமே எழுதியவர் மலையாளத் திரைப்பட நடிகர் இன்னசென்ட். 1948ஆம் ஆண்டு இரிஞ்ஞாலக்குடாவில் பிறந்து, எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, தாவணகெரேயிலே தீப்பெட்டித் தொழில் நடத்தி, பல தொழில்களில் தோற்றுப் பின்னர் நகைச்சுவை நடிகராகக் கேரளம் முழுவதும் அறியப்பட்டவர். 2012இல் அவருக்கு நிணநீர்ப் புற்றுநோய் கண்டது. புகழ்பெற்ற புற்றுநோய் வைத்தியர் வி. பி. கங்காதரன் அவருக்குச் சிகிச்சை அளித்தார். அந்த அனுபவத்தை வைத்து அவர் வெளியிட்ட நூலின் பெயரைத் தமிழிலே 'புற்றுநோய் விடுதியில் சிரிப்பு' என்று சொல்லலாம். அவர் சிகிச்சையில் இருந்த காலத்தை ஒட்டியே அவருடைய மனைவி ஆலீசுக்கும் மார்பகப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. ஒரே வீட்டில் இரண்டு நோயாளிகள். சிரிப்பு என்ற சொல்லைப் புத்தகத்தின் தலைப்பிலே வைத்த மனிதரின் வீட்டு நிலைமை இது.

அவர் 2014இல் சாலக்குடித் தொகுதியிலிருந்து இந்தியப் பாராளுமன்றத்துக்குத் தெரிவு செய்யப்பட்டார். நோய் அவரை மீண்டும் மீண்டும் தேடி வந்தது. மீண்டும் மீண்டும் சிகிச்சைக்குப் போனார், இடையிடையே நடித்தார். 2023 மார்ச் 26ஆம் திகதி கொச்சியில் காலமானார். முதல் தடவை நோய் கண்டதிலிருந்து பத்து ஆண்டுகளுக்கும் மேல். இன்னசென்டின் சிரிப்பு நோயை அலட்சியம் செய்த சிரிப்பல்ல என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். அவர் வைத்தியத்தை ஒழுங்காகச் செய்துகொண்டவர். நோய் வருமுன் அவர் எப்படிப்பட்டவரோ, நோய் வந்த பிறகும் அப்படியே இருக்க முயன்றார். அவருடைய தொழில் சிரிக்கவைப்பது; ஆகவே அவர் சிரித்தார். தச்சருக்கு இந்த நோய் வந்திருந்தால் ஒருவேளை அவர் உளியைத் தேடியிருப்பார்.

இங்கேதான் நாம் ஒரு தவறான முடிவுக்கு வந்துவிடக் கூடாது. நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள், "தைரியமா இருங்க, சந்தோஷமா இருந்தா நோய் தானாப் போயிரும்" என்று சொல்லுவது வழக்கம். சொல்லுகிறவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்லுகிறார். ஆனால் இந்தக் கூற்றை ஆராய்ச்சியாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2007இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக உளவியலாளர் ஜேம்ஸ் கொய்னும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட ஆய்வொன்று, தலையிலும் கழுத்திலும் புற்றுநோய் கண்ட 1,093 பேரை எடுத்துக்கொண்டது. மனம் நல்ல நிலையில் இருந்தவர்கள் மற்றவர்களை விடக் கூடுதல் காலம் உயிர்வாழ்ந்தார்கள் என்பதற்கு அதிலே ஆதாரம் கிடைக்கவில்லை.

இது மனத்தைச் சோர்வடையச் செய்யும் செய்தியாகத் தோன்றலாம். நான் இதை ஆறுதலான செய்தி என்றே கொள்கிறேன். நோய் முற்றிவிட்டால், "நான் தைரியமாக இல்லாததால்தானோ இப்படி ஆயிற்று" என்று எந்த நோயாளியும் தன்னைத் தானே நொந்துகொள்ள வேண்டியதில்லை. அழுவதற்கு அவருக்கு உரிமை உண்டு. கோபப்பட உரிமை உண்டு. சாவு வீட்டிலே பறை ஒலிக்கும்போது சிரிக்கச் சொல்லிக் கட்டளையிட யாருக்கும் உரிமையில்லை.

அப்படியானால் நல்ல பொழுது எதற்கு? கட்டியைக் கரைக்காத ஒன்றினால் என்ன பயன்? இதற்குப் பதில் சொல்ல இலக்கியத்தினால் முடியும். ரஷ்ய எழுத்தாளர் சோல்செனிற்சின் 1954இல் தாஷ்கண்ட் நகரத்து வைத்தியசாலையில் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர். சிறையிலிருந்து விடுபட்டு, நாடுகடத்தப்பட்டவராக வாழ்ந்த காலம் அது. அந்த அனுபவத்திலிருந்து பிறந்த 'புற்றுநோய் விடுதி' என்ற நாவல் சோவியத் நாட்டிலே வெளிவர முடியாமல் 1968இல் வெளிநாட்டிலே அச்சாயிற்று. அதன் முடிவுப் பகுதியில், கொஸ்டகுளோட்டவ் என்ற நோயாளி விடுதியிலிருந்து வெளியே வருகிறான். முற்றாகக் குணமாகிவிட்டான் என்று சொல்வதற்கில்லை. அவன் முதலில் எங்கே போகிறான் தெரியுமா? பூத்து நிற்கும் ஒரு சர்க்கரைப் பாதாமி மரத்தைப் பார்க்க நகரத்தின் பழைய பகுதிக்குப் போகிறான். தெருவோரத்தில் கம்பியிலே கோத்துச் சுட்ட இறைச்சி வாங்கி ருசித்துச் சாப்பிடுகிறான். அவ்வளவுதான். மரம் அவனுக்கு மருந்தல்ல. அதைப் பார்க்கும் அந்த நேரத்தில் அவன் கட்டில் இலக்கமுள்ள நோயாளியாக இல்லை. கண்ணும் நாவும் உள்ள மனிதனாக இருக்கிறான்.

இதையே நான் என் உறவிலும் கண்டேன். என் சின்னம்மா முப்பது வருஷம் கொழுந்தெடுத்தவர். வாயிலே வெள்ளையாக ஒரு தழும்பு இருந்தது. அதைப் பெரிதாக நினைக்காமல் இருந்து, கன்னத்தின் உட்புறம் புண்ணான பிறகுதான் வைத்தியரிடம் போனார். சத்திரசிகிச்சை நடந்தது. பிறகு ஆறு வாரம் கரண்ட் பிடிக்க வேண்டும் என்றார்கள். நாலாவது வாரத்திலே வாயெல்லாம் புண். காய்ச்சல் வேறு. மூக்கு வழியாகக் குழாய் போட்டு ஆகாரம் கொடுத்தார்கள். கரண்ட் பிடிப்பதைச் சில நாட்கள் நிறுத்திவைத்தார்கள். பேச்சும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை நான் பார்க்கப் போனபோது சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார்.

அது மாசி மாதம். எங்கள் தோட்டத்தில் காமன் கூத்து நடக்கும் காலம். அன்று மாலை சின்னம்மாவின் மகன் லயத்திலிருந்து எனக்குத் தொலைபேசி எடுத்தான். அம்மாவின் காதிலே வைக்கச் சொன்னான். மறுபக்கத்திலே தப்பு ஒலித்தது. ரதியும் மதனும் ஆடத் தொடங்குமுன் அடிக்கும் அடி. சின்னம்மா அசையாமல் கேட்டார். கொஞ்ச நேரத்தில் அவருடைய வலது கை விரல்கள் கட்டில் சட்டத்திலே தாளம் போட ஆரம்பித்தன. பக்கத்துக் கட்டிலில் அம்பாந்தோட்டைப் பக்கத்துச் சிங்கள அம்மா ஒருவர் இருந்தார். "மொகத அக்கே?" என்று எட்டிப் பார்த்தார். சின்னம்மாவுக்குச் சிங்களமும் குறைவு, அன்றைக்குப் பேச்சும் இல்லை. வில் வளைத்து அம்பு விடுகிற மாதிரிக் காட்டினார். நெற்றியிலே கண் திறக்கிற மாதிரிக் காட்டினார். எரிந்து போகிற மாதிரிக் காட்டினார். மன்மதன் எரிந்த கதை முழுவதையும் கையினாலேயே சொல்லி முடித்தார். தொலைபேசி அந்த அம்மாவின் காதுக்கும் போயிற்று. அந்த அம்மாவும் தலையாட்டிக் கேட்டார். ஒரு பத்து நிமிஷம் இருக்கும்.

அந்தப் பத்து நிமிஷத்தினால் புண் ஆறவில்லை. மறுநாளும் காய்ச்சல் இருந்தது. ஆனால் அந்த மாலையிலே சின்னம்மா எங்கள் தோட்டத்தில் இருந்தார். கூத்துப் பார்க்கப் போகிற பெண்ணாக இருந்தார். தெரியாதவருக்குக் கதை சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு ஒன்றைத் தெரிந்தவராக இருந்தார். எல்லாரிடமும் பெற்றுக்கொண்டே கிடந்தவருக்கு, இன்னொருவருக்குக் கொடுக்க ஒன்று கிடைத்தது.

விட்டுப்போன சிகிச்சையை முடித்து வீடு திரும்பினார். வாய்க்குக் கரண்ட் பிடித்தவர்களுக்கு ருசி போய்விடுவதும், மாதக்கணக்கில் கொஞ்சங் கொஞ்சமாகத் திரும்புவதும் உண்டு. ஒரு நாள் காலையில் சாயத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தவர் கோப்பையைக் கீழே வைத்தார். "தம்பி, முப்பது வருஷமா கொழுந்து எடுத்தேன். தேத்தண்ணிக்கு இவ்வளவு ருசி இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியுது. அதுவும் இந்தத் தூசித் தேயிலைக்கு!" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பிலே கொஞ்சம் கசப்பும் இருந்தது. நல்ல தேயிலை எங்கே போகிறது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இரண்டு தைப்பொங்கல்களைக் கண்டார். அதன் பின் நோய் கழுத்திலே மறுபடியும் வந்தது. அவரை அடக்கம் செய்த அன்று தப்பு அடித்தவர்கள், காமன் கூத்துக்குத் தப்பு அடித்த அதே ஆட்கள். எங்கள் தோட்டங்களிலே தப்பு ஒன்றுதான். முற்காலத்தில் விடியற்காலையில் தொழிலாளரைப் பிரட்டுக்கு அழைத்ததும் தப்பு, திருவிழாவுக்கும் தப்பு, சாவுக்கும் தப்பு. நன்கணியார் இரண்டு வீடுகளில் கேட்ட இரண்டு ஓசைகளை நாங்கள் ஒரே தோலிலே கேட்கிறோம்.

நேயர்களே, நல்ல பொழுது நோயாளியின் மனவுறுதியிலிருந்து மட்டும் பிறப்பதில்லை என்பதை இந்த நிகழ்ச்சி எனக்கு உணர்த்தியது. அந்த மாலையில் தொலைபேசி எடுத்தவன் மகன். தப்பைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து அடித்தவர்கள் தோட்டத்து ஆட்கள். "மொகத" என்று கேட்டவர் பக்கத்துக் கட்டில்காரர். நல்ல பொழுதுக்கு இடம் செய்து கொடுக்க மற்றவர்கள் வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் வலி தணிய வேண்டும். வலியால் துடிப்பவருக்கு மரமும் இல்லை, தப்பும் இல்லை. லண்டனில் சிசிலி சோண்டர்ஸ் அம்மையார் 1967இல் புனித கிறிஸ்தோபர் இல்லத்தைத் திறந்தபோது இதைத்தான் வற்புறுத்தினார். மருந்து தந்து உடல்வலியைத் தணிப்பதோடு மனத்தின் வலியையும், குடும்பத்தின் வலியையும், பணக்கஷ்டத்தின் வலியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றார். கேரளத்தின் கோழிக்கோட்டில் எம். ஆர். ராஜகோபால், சுரேஷ் குமார் ஆகிய வைத்தியர்கள் 1993இல் வலி தணிப்புச் சங்கத்தைத் தொடங்கினார்கள். நாளடைவில் அயலவர்களே தொண்டர்களாகப் பயிற்சி பெற்று, வீடு வீடாகச் சென்று நோயாளிகளைக் கவனிக்கும் இயக்கமாக அது கேரளம் எங்கும் பரவியது. பக்கத்துக் காம்பராவில் யார் இருமினாலும் கேட்கும் எங்கள் லயங்களுக்கு இது பொருந்தாதா? சுவருக்குச் சுவர் ஒட்டி வாழ்வதை நாம் குறையாகவே சொல்லி வந்திருக்கிறோம். இந்த ஒரு காரியத்துக்கு அது உதவக்கூடும்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். நல்ல பொழுதுகள் அதிகம் வேண்டுமென்றால் நோய் காலத்தோடு தெரிய வேண்டும். இலங்கை ஆண்களிடையே வாய்ப்புற்றுநோய் முன்னணியில் நிற்கிறது. வெற்றிலையோடு சேரும் புகையிலை மாத்திரமல்ல, பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் பொருளே என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகவர் நிலையம் 2004இல் வகைப்படுத்தியது. மலையிலே பசிக்கும் குளிருக்கும் வெற்றிலை போடும் பழக்கம் எப்படி வந்தது என்பது எனக்குத் தெரியும். பழித்துப் பேச வரவில்லை. வாயிலே வெள்ளையாகவோ சிவப்பாகவோ தழும்பு இருந்தால், இரண்டு மூன்று கிழமையாகியும் ஆறாத புண் இருந்தால், வைத்தியரிடம் வாயைத் திறந்து காட்டுங்கள். அதற்காக ஒரு பேர் போனாலும் போகட்டும்.

இறுதியாக நம் மலையக இலக்கியத்தைப் பற்றி ஒரு சொல். எங்கள் ஊவா மண்ணிலே, கட்டவளைத் தோட்டத்தில் 1934இல் பிறந்த தெளிவத்தை ஜோசப் முதலானவர்கள் தோட்ட வாழ்க்கையின் துன்பங்களைக் கூர்மையாக எழுதினார்கள். என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' என்ற கதையோ, அந்தத் துன்பத்துக்கு நடுவிலேயே கொழுந்தெடுக்கும் ஒரு பெண்ணின் கைத்திறமையையும் பெருமிதத்தையும் நமக்குக் காட்டியது. அதனால்தான் அந்தக் கதை இன்றைக்கும் பேசப்படுகிறது. ஆனால் நம் கதைகளிலே நோய் வந்தால் அது பெரும்பாலும் முடிவுக்கு அடையாளமாகவே வருகிறது. நோய் வந்தவர் அடுத்த பக்கத்தில் இறந்துவிடுகிறார். நோய்க்கும் சாவுக்கும் இடையில் மாதங்களும் வருஷங்களும் இருக்கின்றன. மஹரகமவுக்குப் போகிற பஸ்ஸிலே ஜன்னலோரத்து இடம் கிடைத்த மகிழ்ச்சி இருக்கிறது. வெள்ளணு கூடியிருக்கிறது என்று தாதி சொன்ன காலை இருக்கிறது. முடி மறுபடி முளைத்தபோது பேரப்பிள்ளை தடவிப் பார்த்த சுகம் இருக்கிறது. இவற்றை எழுத நம்மிடையே ஆட்கள் வேண்டும்.

எழுத முடியாதவர்கள் போய்ப் பார்க்கலாம். பார்க்கப் போகும்போது தைரியத்தைப் பற்றிய உபதேசத்தைக் கொண்டுபோக வேண்டாம். தோட்டத்துப் புதினம் ஏதாவது கொண்டுபோங்கள். யார் வீட்டு மாடு கன்று போட்டது, எந்த மலையில் கொழுந்து நன்றாக வந்திருக்கிறது, கோயில் திருவிழாவுக்கு யார் கரகம் எடுக்கப் போகிறார்கள் என்று சொல்லுங்கள். அவர் அழுதால் பக்கத்தில் இருங்கள். கதை கேட்டால் சொல்லுங்கள். அவர் சொன்னால் கேளுங்கள்.